எண்டோஃபவுண்ட்: எதற்காக நாடலாம், எங்கே நிதானிக்க வேண்டும்

‘எண்டோமெட்ரியோசிஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா’ என்ற பெயரைச் சுருக்கி ‘எண்டோஃபவுண்ட்’ என்கிறார்கள். நியூயார்க்கில் 2009இல் இதைத் தொடங்கியவர்கள் சென்னையில் பிறந்த பத்மா லட்சுமியும், அறுவை சிகிச்சை நிபுணர் டேமர் செச்கினும். பத்மாவுக்கு மாதவிடாய் வலி தொடங்கியது 13 வயதில். அதற்குக் காரணமான நோயின் பெயர் தெரிந்தது 36 வயதில். இந்த 23 வருட இடைவெளி இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது என்பதுதான் அமைப்பின் அடிப்படை வேலை. அந்த வேலைக்கு இவர்களைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

கருப்பையின் உள்சுவரில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

இவர்களின் பணிகளில் எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் ‘என்பவர்’ (ENPOWR) என்ற பள்ளித் திட்டத்துக்கு. பதின்வயதினரின் வகுப்புக்கே போய், எந்த வலி சாதாரணம், எது இல்லை என்று சொல்லித்தருகிறார்கள். மாத்திரை போட்டும் அடங்காத வலி, மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கும் வலி, விலக்கான நாட்களில் மலம் கழிக்கும்போது குத்தும் வலி ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று 14 வயதுப் பெண்ணிடம் ஒருவர் நேராகச் சொல்வது பெரிய விஷயம். ‘கல்யாணமானா சரியாயிடும்’, ‘ஒரு பிள்ளை பெத்தா போயிடும்’ என்ற பேச்சுக்கும் இங்கே பதில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறையலாம்; நோய் குணமாவதில்லை.

இவர்களின் இணையதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அறிகுறிப் பக்கங்களில் தொடங்குவது நல்லது. படித்துவிட்டு நேரே டாக்டரிடம் ஓடாமல், மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, சுழற்சியின் எத்தனையாவது நாள், வலி எங்கே, 0 முதல் 10 வரை எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், ஒரு மணி நேரத்தில் கேட்டதா, அன்று எந்த வேலை நின்றுபோனது. ‘ரொம்ப வலிக்குது டாக்டர்’ என்பதை விட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

பலர் தடுக்கி விழுவது ஸ்கேன் ரிப்போர்ட்டில். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி வரும் ‘சாக்லேட் கட்டி’ அல்ட்ராசவுண்டில் தெரியும். வயிற்று உட்சவ்வில் மேலோட்டமாகப் பரவிய புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையை நம்பியும் முடிவுக்கு வர முடியாது. நோயின் நான்கு நிலைகளுக்கும் வலியின் அளவுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. முதல் நிலையிலேயே ஒருவர் துடித்துப்போகலாம்.

சிகிச்சை என்று வரும்போதுதான் நிதானம் வேண்டும். திசுவை வேரோடு வெட்டி எடுக்கும் ‘எக்சிஷன்’ லேப்ராஸ்கோப்பியை (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) எண்டோஃபவுண்ட் உறுதியாக முன்னிறுத்துகிறது. மேலாகச் சுட்டுப் பொசுக்கும் ‘அப்லேஷன்’ முறையில் ஆழத்தில் உள்ளது தங்கிவிடலாம் என்பது இதற்கான காரணம். காரணம் சரியானதுதான். ஆனால் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி, வலியைக் குறைக்க அப்லேஷனுக்குப் பதில் எக்சிஷனைப் ‘பரிசீலிக்கலாம்’ என்ற அளவோடு நிற்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும் என்ற பழைய கட்டாயத்தையும் அது தளர்த்திவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், ஹார்மோன் மருந்து பலன் தராத அல்லது பொருந்தாதவர்களுக்கும் அதைச் செய்யலாம் என்கிறது. நிறுவனர்களில் ஒருவரான செச்கினே இந்த அறுவை சிகிச்சையைத் தொழிலாகச் செய்கிறவர் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி முடிவெடுக்க இந்தத் தளம் மட்டும் போதாது. அந்த ஐரோப்பிய வழிகாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கத்தில் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது ‘ரோஸ்’ ஆய்வு. லாங் ஐலண்டில் உள்ள ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனம் நடத்துவது இது. 2018இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் செச்கினும் ஒருவர். கத்தியும் மயக்க மருந்தும் இல்லாமல், வீணாகப் போகும் மாதவிடாய் ரத்தத்திலிருந்தே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. ரத்தப்போக்கு அதிகமாக உள்ள நாளில் 4 முதல் 8 மணி நேரம் மென்ஸ்ட்ருவல் கப் வைத்து ரத்தத்தைச் சேகரித்து, குளிர்ச்சி கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதிலுள்ள, கருப்பைப் படலத்தின் தாங்கு திசுவைச் சேர்ந்த ஸ்ட்ரோமல் செல்களைப் பிரித்து வளர்க்கிறார்கள். கருவை ஏற்கத் தயாராகும்போது இந்தச் செல்கள் ‘ஐஜிஎஃப்பிபி1’ என்ற புரதத்தைச் சுரக்கும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் செல்களில் அந்தச் சுரப்பு குறைந்திருந்தது. இன்னும் டாக்டர் எழுதித் தரும் பரிசோதனையாக இது ஆகவில்லை. ஆனாலும் ‘தீட்டு’ என்று ஒதுக்கிய ஒன்றிலிருந்தே விடை தேடுகிறார்கள் என்பது நெஞ்சைத் தொடுகிறது.

ஆண்டு மருத்துவ மாநாட்டின் உரைகளைக் காணொளியாகவும் எழுத்தாகவும் தளத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலம், கலைச்சொல் கனமாக இருக்கும். குடல் அல்லது சிறுநீர்ப்பை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் அந்தத் தலைப்பில் ஓர் உரையையாவது படித்துவிட்டுப் போனால், டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியும். குடலில் ஒட்டிய திசுவை மட்டும் சுரண்டி எடுப்பார்களா, அந்த இடத்தை வட்டமாக வெட்டுவார்களா, குடலின் ஒரு துண்டையே நீக்குவார்களா? குடல் நிபுணர் கூடவே இருப்பாரா? இவற்றை முன்கூட்டியே கேட்காமல் போய்ப் பாதியில் மூடிவிட்டு, இரண்டாவது முறை திறக்க வேண்டி வருவதுண்டு.

நன்கொடை தர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பிளாசம் பால்’ என்ற பெயரில் நியூயார்க்கில் நடத்தும் விருந்து இவர்களின் நிதி திரட்டலில் முக்கியமானது. இப்படிப்பட்ட விருந்துகளுக்கே கணிசமாகச் செலவாகும். ஆகவே அமெரிக்க வருமான வரித் துறையின் தளத்தில் இவர்களின் ‘படிவம் 990’ஐ, அதாவது லாப நோக்கற்ற அமைப்புகள் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கை, தேடி எடுங்கள். 9ஆம் பகுதியில் திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல் என்று செலவு தனித்தனிப் பத்தியாக இருக்கும். விருந்தின் வரவு செலவு ‘ஜி’ அட்டவணையில். ஆராய்ச்சிக்கு வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்த மானியத்தை ‘ஐ’ அட்டவணையில் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மூன்று வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தியாவில் வரி கட்டுகிறவர்களுக்கு இந்த நன்கொடைக்கு 80ஜி விலக்கு கிடைக்காது.