ரெண்டரில் ஒரு நிறம், எடிட்டரில் வேறு நிறம்: 7 வருடம் பட்ட பாடு

பொருள்களுக்கும் அறைகளுக்கும் 3டி படம் செய்து தருவது என் வேலை. 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரெண்டர் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில், மெருகு ஃபோட்டோஷாப்பில், கையால் தீட்ட வேண்டியது இருந்தால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில். அசைபடம் என்றால் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி பிளெண்டரின் வீடியோ எடிட்டருக்கே வரும். 7 வருடமாக இதே சுற்றுதான். இதில் எந்தக் கட்டத்தில் நிறம் கெடும், எதை நம்பலாம் என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதல் அடி ஒரு தோல் சோபாவில் விழுந்தது. பிளெண்டரில் நல்ல அடர் பழுப்பு. பிஎன்ஜியாகச் சேமித்து ஃபோட்டோஷாப்பில் திறந்தால் வெயிலில் கிடந்து வெளுத்த மாதிரி இருந்தது. ஃபோட்டோஷாப்தான் கெடுக்கிறது என்று முடிவு கட்டி, சாச்சுரேஷனை ஏற்றி, பழைய அடர்த்தி வந்ததும் அனுப்பிவிட்டேன். வாங்கியவர் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், சோபா ரத்தச் சிவப்பா இருக்கு?" என்றார். ஒரு வேலையோடு அது நிற்கவில்லை. பல மாதம் இப்படியே ஏற்றி ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

காரணம் மேசைமேல் இருந்த மானிட்டர். புதிதாக வாங்கிய, சாதாரணத் திரையைவிட அதிக நிறங்களைக் காட்டும் அகன்ற நிற வரம்பு மானிட்டர் அது. ஃபோட்டோஷாப் மானிட்டரின் ப்ரொஃபைலை, அதாவது எந்த எண்ணுக்கு அது எந்த நிறம் காட்டும் என்ற குறிப்பைப் படித்து, அதற்கேற்ப எண்களை மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. நான் விண்டோஸில் ஓட்டிய பிளெண்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சாதாரணத் திரைகளுக்கான பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபியின் எண்களை அப்படியே தள்ளியது, மானிட்டர் அவற்றைத் தன் அகன்ற வரம்பில் விரித்துக் காட்டியது. நான் ஆசைப்பட்ட அந்த அடர் பழுப்பு என் மேசையில் மட்டுமே இருந்த நிறம். மானிட்டரின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டதும் இரண்டு சன்னலும் ஒத்துப்போயின. இத்தனை காசு கொடுத்து வாங்கிய அகலத்தை மூடி வைத்துவிட்டு வேலை செய்வது இன்றும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் மோடை மாற்றுவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. இரண்டு மென்பொருளில் நிறம் வேறாகத் தெரிந்தால் கண்ணை நம்பாமல், நிற எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை எடுத்து ஒரே இடத்தில் வைத்து எண்ணைப் பார்ப்பேன். எண் ஒன்றாகவே இருந்து பார்வை மட்டும் மாறினால், அந்த எண்ணை யாரோ வேறு மாதிரி வாசிக்கிறார்கள்: மானிட்டர், ப்ரொஃபைல், வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ரெண்டரின் வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி பிளெண்டர் மாற்றும் முறை) இவற்றில் ஒன்று. எண்ணே மாறியிருந்தால் வழியில் யாரோ கன்வெர்ட் செய்திருக்கிறார்கள். நிறம் மாறும் சிக்கலில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். முன்பு இதைக் கேட்காமலே கர்வ்ஸ் என்ற திருத்தக் கருவியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

எண் பார்க்க வசதியாக ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் ஒரு சாம்பல் கட்டம் வைக்கிறேன். தானே ஒளிரும் எமிஷன் மெட்டீரியல், ஸ்ட்ரென்த் 1, மதிப்பு 0.18. வியூ டிரான்ஸ்ஃபார்மை, திரைக்கான எஸ்ஆர்ஜிபி வளைவை மட்டும் ஏற்றும் ஸ்டாண்டர்டில் வைத்து, 0 முதல் 255 வரை எண் கொண்ட 8 பிட் பிஎன்ஜியாக எடுத்தால் அது 118 என்று வர வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் சில பிக்சல் 117, சில 119 என்று சிதறும். அது பிளெண்டர் தானாகச் சேர்க்கும் டிதர் என்ற நுண்சிதறல், பயப்பட வேண்டாம். 46 என்று வந்தால் வெளிச்சத்தின் அளவை நேராகக் குறிக்கும் லீனியர் எண், அந்த வளைவு ஏறாமல் அப்படியே ஃபைலுக்குள் போயிருக்கிறது, படமும் குழிபோல் இருட்டாக இருக்கும். 180ஐ ஒட்டி வந்தால் வளைவு இரண்டு முறை ஏறியிருக்கிறது. வெளுத்துப்போய், நிழலே இல்லாத படம். இணையத்தில் "ரெண்டர் மங்கலாக வருகிறது" என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு இந்த இரட்டை ஏற்றம்தான் நோய்.

இதே கணக்கில் இன்னொரு பொறி உண்டு. பிளெண்டரின் ஆர்ஜிபி பெட்டிகளில் 0.5 போட்டால் ரெண்டரில் 128 வரும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்தப் பெட்டி லீனியர், அதனால் 188 வரும். எழுத்தும் எண்ணும் கலந்த குறியாக நிறம் கொடுக்கும் ஹெக்ஸ் பெட்டியில் போடுவது எஸ்ஆர்ஜிபி. ஒருவர் கொடுத்த நிற எண்களை 255ஆல் வகுத்து ஆர்ஜிபி பெட்டியில் போட்டுவிட்டு, ஏன் இப்படி வெளுக்கிறது என்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

வியூ டிரான்ஸ்ஃபார்ம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2017இல் பிளெண்டர் 2.79 ஃபில்மிக் என்ற வியூவைக் கொண்டுவந்தது, 2.80இல் அதுவே இயல்புநிலை ஆனது. 2023 நவம்பரில் 4.0 வந்தபோது அந்த இடத்தை ஏஜிஎக்ஸ் பிடித்தது. இரண்டும் அதிக வெளிச்சத்தை வெட்டாமல் மெல்ல வெண்மைக்குக் கொண்டுபோகும். சன்னலோர வெயிலுக்கும் விளக்குக்கும் அருமை, முக்கியமாக ஏஜிஎக்ஸ். ஆனால் நிறுவன முத்திரையில் இன்ன சிவப்பு என்று எண் கொடுத்து, அந்த எண்ணே படத்திலும் வர வேண்டும் என்பவர்களிடம் இவை எடுபடாது. சிவப்பு வெளிறும். நான் எத்தனையோ முறை எமிஷனைக் கூட்டிக் குறைத்துத் துரத்திப் பார்த்தேன், கைக்கு வரவில்லை. இப்போது முத்திரையைத் தனி லேயராக ஸ்டாண்டர்டில் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் மேலே வைக்கிறேன்.

அசைபட வேலையில் இது வேறு வேடத்தில் வந்தது. ஏஜிஎக்ஸில் ரெண்டர் செய்த பிஎன்ஜி வரிசையை ஃபோட்டோஷாப்பில் தொட்டுத் திருத்திவிட்டு, புதிய பிளெண்டர் ஃபைலில் வீடியோ எடிட்டருக்குள் போட்டேன். படம் முழுக்கச் சாம்பல் பூசியது போல் ஆனது. புதிய ஃபைலின் இயல்புநிலையும் ஏஜிஎக்ஸ் என்பதால், ஏற்கெனவே அந்த வளைவு ஏறிய படத்துக்கு அது மறுபடி ஒருமுறை ஏற்றியிருக்கிறது. வியூவை ஸ்டாண்டர்டுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. அதற்கு முன் மூன்று இரவு எக்ஸ்போர்ட் போட்டது வீண்.

ஃபோட்டோஷாப்பைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு சொற்களில்தான் வாழ்வும் சாவும். படத்துக்கு ஒரு ப்ரொஃபைலை அசைன் செய்தால் எண் அப்படியே இருக்கும், அதன் பொருள் மாறும். கன்வெர்ட் செய்தால் பார்வை அப்படியே இருக்கும், எண் மாறும். என் ரெண்டர் பிஎன்ஜிகளில் ப்ரொஃபைல் ஒட்டி வந்ததில்லை. ப்ரொஃபைல் இல்லாத படத்தை ஃபோட்டோஷாப் தன் வொர்க்கிங் ஸ்பேஸில், அதாவது அமைப்பில் நாம் தேர்ந்த நிற அளவில், இருப்பதாக எடுத்துக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று அதை நான் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் வைத்திருந்த காலத்தில், செடிகள் எல்லாம் பிளாஸ்டிக் பச்சையாகத் தெரிந்தன. இப்போது வொர்க்கிங் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி, ப்ரொஃபைல் இல்லாவிட்டால் கேள் என்ற டிக்கும் போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் வந்து தொல்லை கொடுக்கிறது, கொடுக்கட்டும்.

கலர் மேனேஜ்மென்ட் தொடவே கூடாத படங்களும் உண்டு. பரப்பின் சொரசொரப்பையும் மேடுபள்ளத்தையும் சொல்லும் ரஃப்னெஸ், நார்மல் மேப்கள் வெறும் தரவு, பிளெண்டரில் அவற்றை நான்-கலர் என்று சொல்லிவிட வேண்டும். இது தெரிந்தும் ஒருமுறை சறுக்கினேன். ரஃப்னெஸ் மேப்பை ஃபைல் சின்னதாகட்டும் என்று கிரேஸ்கேலுக்கு மாற்றினேன். ஃபோட்டோஷாப்பின் கிரே இயல்புநிலை டாட் கெயின் 20%, அச்சு மைக்கான வளைவு. எண்கள் நகர்ந்து, மரத்தரையின் பளபளப்பே வேறாகிவிட்டது. அதிலிருந்து தரவு மேப்களை ஃபோட்டோஷாப்புக்குள் விடுவதேயில்லை.

கடந்த சில வருடமாக முக்கிய வேலைகளுக்கு ஓப்பன்இஎக்ஸ்ஆர்தான். திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003இல் வெளியிட்ட பட ஃபைல் வடிவம். பிளெண்டர் அதில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஏற்றாமல் லீனியர் எண்களை அப்படியே எழுதும். பிறகு வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, இறக்கினாலும் சன்னலுக்கு வெளியே வானம் மிச்சம் இருக்கும். ஆனால் பிளெண்டரில் பார்த்த ஏஜிஎக்ஸ் தோற்றம் ஃபைலோடு வராது. முதல் முறை திறப்பவர்கள் "வேறு படமாக இருக்கிறதே" என்று திகைப்பது இதனால்தான். கிரிட்டாவில் லட் மேனேஜ்மென்ட் டாக்கர் என்ற பலகை மூலம், நிற மாற்ற விதிகள் அடங்கிய பிளெண்டரின் ஓப்பன்கலர்ஐஓ கட்டமைப்பு ஃபைலையே கொடுத்து, கிட்டத்தட்ட அதே பார்வையில் தீட்ட முடிகிறது. இலவச மென்பொருளில் இந்த அளவு ஒழுங்கு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஃபோட்டோஷாப்பில் இஎக்ஸ்ஆர் திறந்து 32 பிட்டிலிருந்து 16க்கு இறக்கும்போது எச்டிஆர் டோனிங் பெட்டி ஒன்று குதிக்கும். லோக்கல் அடாப்டேஷன் என்ற தேர்வோடு வந்து, ஓகே அழுத்தினால் உங்கள் வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குக் குழப்பிவிடும். எக்ஸ்போஷர் அண்ட் காமா என்று மாற்றி, 0, 1.00 என்று விட்டால் கைவைக்காது. என் சாம்பல் கட்டம் 118இல் நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வேன்.

பிக்சல் எவ்வளவு ஒளிபுகாதது என்று சொல்லும் ஆல்ஃபாவும் சேர்ந்தே கடிக்கும். இஎக்ஸ்ஆரில் நிறம் ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டு வரும், பிஎன்ஜியில் பெருக்காமல் வரும். பெருக்கியதைப் பெருக்காததாக வாசித்தால் முடி, இலை ஓரங்களில் கருப்புக் கோடு விழும். கோடு தெரிந்தால் உடனே இதைத்தான் சந்தேகிப்பேன்.

இன்னும் தீராதது லேயர் கலப்பு. வெள்ளை மேல் 50% கருப்பு வைத்தால் சாதாரணமாக 128 வரும், லீனியரில் கலந்தால் 188. அதனால் ரெண்டரில் எடுத்த ஒளிவட்டத்தை 8 பிட் படத்தின் மேல் வைத்தால் ஓரம் பிளெண்டரில் கண்ட மாதிரி கரைவதில்லை. ஃபோட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் காமா 1.0இல், அதாவது லீனியரில், கலக்கும் டிக் இருக்கிறது, போட்டால் ஒளி சரியாகும். கூடவே பழைய ஃபைல்களில் மென்மையாகத் தீட்டிய நிழல்கள் எல்லாம் மெலிந்துபோகும். கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டர் 2.10 முதல் இதை லேயருக்கு லேயர் தனியாகத் தேர்ந்துகொள்ள விடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காக ஒளி சேர்க்கும் வேலையை மட்டும் அங்கே கொண்டுபோய், முடிந்ததும் 16 பிட் பிஎன்ஜியாக எடுத்து ஃபோட்டோஷாப்புக்குத் திரும்புகிறேன். சாம்பல் கட்டத்தை வெட்டி எறிவது எல்லாம் முடிந்த பிறகுதான். இரண்டு முறை வெட்ட மறந்து கட்டத்தோடே அனுப்பியிருக்கிறேன்.