டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ், ஒமேகா: பல வருஷப் புழக்கத்தில் கண்டவை

ஆய்வேடு, கட்டுரை, பழைய புகைப்படம் என்று மூன்று வகைச் சேகரங்களைப் பல வருஷங்களாகப் பராமரிக்கிறேன். இவற்றை இணையத்தில் சேமித்துக் காட்ட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாளைக்கு இதிலிருந்து தரவை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்பதைத்தான்.

எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ், ஆய்வேடுகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. துறை, அதற்குள் தொகுப்பு, அதற்குள் ஆய்வேடு என அடுக்கலாம். ஹேண்டில் என்ற நிலையான இணைய முகவரியை முறையாகப் பதிந்துவிட்டால் சர்வர் மாறினாலும் மேற்கோள் இணைப்பு உடையாது. ஆனால் 2021இல் வந்த 7ஆம் பதிப்பு பழைய முகப்புகளைக் கைவிட்டு ஆங்குலர் என்ற வலை முகப்புக் கட்டமைப்புக்கு மாறியது. தரவு பத்திரமாக வந்து சேர்ந்தது. நாங்கள் வருஷக்கணக்கில் செதுக்கிய தோற்றத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. டாம்கேட், சோலார், போஸ்ட்கிரெஸ், நோட் என இதற்கு அடியில் ஓடும் துணை மென்பொருள்கள் எல்லாவற்றையும் கவனிக்க ஓர் ஆள் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஈபிரிண்ட்ஸ் இதைவிட எளிது. ஆசிரியர்கள் தாங்களே கட்டுரையைச் சமர்ப்பிக்க, நூலகர் சரிபார்த்து வெளியிடும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அது எழுதப்பட்ட நிரல்மொழியான பெர்ல் தெரிந்தவர் கிடைப்பதுதான் பாடு.

புகைப்படங்களுக்கு ஒமேகா எஸ். படங்களைக் கோத்துக் கண்காட்சியாக்க இதைப்போல வேறில்லை. ஆய்வேடுகளை இதில் ஏற்றாதீர்கள்.

ஒரு சேகரத்தை இடம் மாற்றியபோதுதான் உண்மையான பாடம் கிடைத்தது. சேகரங்களின் விவரக்குறிப்புகளைப் பிற கணினிகள் திரட்டிக்கொள்ள உதவும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வழியாக எல்லாம் வந்துவிடும் என்று நம்பினேன். அது இயல்பாகத் தருவது எளிய டப்ளின் கோர் மட்டுமே, அதாவது தலைப்பு, ஆசிரியர் போன்ற பதினைந்து பொதுப் புலங்கள். நெறியாளர், பதிப்பாசிரியர் எல்லாரும் 'பங்களிப்பாளர்' என்ற ஒரே புலத்தில் கலந்துவிட்டார்கள். யார் யாருக்கு நெறியாளர் என்ற தகவல், ஓர் ஆய்வேட்டின் வம்சாவளி, அப்படியே காணாமல் போனது! பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம். அதிலிருந்து முழுப் புலங்களுடன் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எடுத்து, ஒரே ஆசிரியர் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்ததை ஓபன்ரிஃபைன் என்ற தரவு சுத்தம் செய்யும் கருவியில் ஒன்றுசேர்த்து, மறுபடி ஏற்றினோம்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த சிஎஸ்வியைத் தனியாக எடுத்து வைக்கிறேன், எந்த மென்பொருளானாலும்.