சிலிண்டரின் கழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள், பாட்டிலை விட்டுவிட்டு கெக்குக்கு (பியரை மொத்தமாக ஊற்றி கேஸ் அழுத்தத்தில் வைக்கிற உலோகப் பீப்பாய்) மாறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கேஸ் சாமான் வாங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் பணம் போனது. அதைவிட, என் மனைவிக்கு மூச்சுத் திணறியது. கார்டு கம்பெனியில் புகார் இன்னும் முழுசாக முடியவில்லை. அதனால் கடையின் பெயரை எழுதவில்லை.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஐந்து வருடமாகக் காய்ச்சுகிறேன். அமெரிக்காவில் இது 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட விஷயம்தான். வயது வந்தவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஐந்து கேலன் காய்ச்சினால் ஐம்பது பாட்டிலுக்கு மேல் கழுவி, நிரப்பி, மூடி அடிக்க வேண்டும். அது அலுத்துப்போய்த்தான் போன அக்டோபரில் கெக்குக்கு மாற முடிவெடுத்தேன்.

வாங்கியது இவ்வளவு: ஐந்து பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், பழைய சோடா கெக் இரண்டு, குழாய்கள். "புது சிலிண்டர் காலியாகத்தான் வரும், நிரப்ப இரண்டு நாள் ஆகும். அதே விலைக்கு நிரப்பியதையே தருகிறேன், கையோடு கொண்டு போங்கள்" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். புது சிலிண்டரின் விலையைக் கொடுத்து வேறு யாரோ பயன்படுத்திய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. அதன் கழுத்தில் கடையின் விலைச் சீட்டு பெரிதாக ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேஸ்மென்ட்டில், துணி துவைக்கும் அறையில், பழைய ஃப்ரீசர் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்தேன். ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திறந்ததும் மெல்லிசாக ஒரு சீற்றம். நட்டை இன்னும் இறுக்கினேன், நிற்கவில்லை. கடைக்கு போன் செய்தேன். "டெஃப்லான் டேப் சுற்றுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். சுற்றினேன். சத்தம் குறைந்தது. சரி, முடிந்தது என்று கேஸ் அழுத்தத்தை 12 பிஎஸ்ஐயில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இந்த ஆலோசனை எவ்வளவு தப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் அந்த இணைப்புக்கு சிஜிஏ 320 என்று பெயர். அதில் மரையின் வேலை நட்டை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான். கேஸை அடைப்பது இரண்டு தட்டையான முகங்களுக்கு நடுவில் உட்காரும் சின்ன நைலான் வாஷர். அது இல்லையென்றால் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கசியும். சில ரெகுலேட்டர்களில் ரப்பர் வளையம் உள்ளேயே பதிந்திருக்கும், அவற்றுக்குத் தனி வாஷர் வேண்டாம். என்னுடையது அந்த வகை இல்லை. வாஷரும் இல்லை. 'புதுசு' என்று விற்ற அந்த ரெகுலேட்டரின் நட்டில் ஸ்பேனர் பிடித்த தடம் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் மாலை. மனைவி துணியை டிரையரில் போடக் கீழே போனாள். வெயில் இல்லாத குளிர்நாள், ஜன்னல் மூடி, கதவும் சாத்தியிருந்தது. துணி மடித்து முடித்துவிட்டு, கெக் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஃப்ரீசர் மூடியைத் தூக்கிக் குனிந்திருக்கிறாள். "என்னங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் சோடா ஏறினாற்போல் சுரீர் என்றதாம், அப்புறம் தலை சுற்றியதாம். வெளியே கூட்டிவந்து உட்கார வைத்ததும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். எங்கள் பையனுக்கு ஆறு வயது. அவனுடைய சைக்கிள் நிற்பதும் அதே அறையில்தான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஃப்ரீசர் மாதிரி மூடிய பெட்டியில் கசிந்தால் கிணற்றுத் தண்ணீர் போல அடியிலேயே தேங்கும். ஒரு பவுண்டு திரவம் வாயுவானால் கிட்டத்தட்ட எட்டே முக்கால் கன அடி. அப்படியானால் ஐந்து பவுண்டுக்கு 43 கன அடிக்கு மேல். எங்கள் அறை எட்டுக்குப் பத்து, உயரம் ஏழரை, மொத்தம் 600 கன அடி. நிறைந்த சிலிண்டர் ஒரே மூச்சில் காலியானால் அறைக் காற்றில் ஏழு சதவீதம் அதுவாகவே இருக்கும். நான்கு சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று இங்குள்ள தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததால் தப்பித்தோம். மாடியில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒரு சத்தமும் போடவில்லை. அது போடவும் போடாது, அது வேறு வாயுவுக்கானது. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கசிந்து காலியான சிலிண்டரை நிரப்ப, வெல்டிங் கேஸ் விற்கும் ஒரு இடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் சிலிண்டரைக் கையில் வாங்கியதும் முதலில் செய்தது, அந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி உரித்ததுதான். கீழே உலோகத்தில் முத்திரை. "இதை நான் நிரப்ப முடியாது" என்றார். இந்த வகை அலுமினிய சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து, சோதித்த மாதத்தையும் வருடத்தையும் அதில் முத்திரையாகக் குத்த வேண்டும். என்னுடையதில் கடைசியாகக் குத்தியிருந்தது 2014. தேதி தாண்டியதை நிரப்புவது சட்டப்படி தவறு. தேதி முடிவதற்குள் நிரப்பிய கேஸ் என்றால் தீரும்வரை பயன்படுத்தலாமாம். ஆனால் 2019-க்கு முன்னால் நிரப்பி இத்தனை வருடம் அது கடையிலேயே இருந்ததா? நான் நம்பவில்லை. சீட்டை ஒட்டியவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்காது.

அந்தப் பெரியவர் ஒரு காசு வாங்காமல் அரை மணி நேரம் நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். டிஓடி 3ஏஎல் என்று தொடங்குவது சிலிண்டரின் வகை. டிடபிள்யூ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருப்பது காலி எடை. ரெகுலேட்டரின் பெரிய மீட்டரை வைத்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்லவே முடியாது என்றார். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அறை வெப்பத்தில் முள் 850 பிஎஸ்ஐ பக்கத்திலேயே நிற்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் 500 சொச்சத்துக்கு இறங்கும், கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எடை போட்டால்தான் தெரியும்.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. திருச்சியில் வீட்டுக்கு சிலிண்டர் வந்தால், எடை போட்டுக் காட்டாமல் அம்மா உள்ளே விடமாட்டார். காலி எடை எழுதியிருப்பதைப் படித்து, அதோடு 14.2 கிலோ கூட்டிப் பார்ப்பார். வளையத்துக்குக் கீழே பட்டையில் ஏ, பி, சி, டி என்று எழுதியிருக்கும் சோதனைத் தேதியைப் பார்ப்பார். மூடியைத் திறந்து வால்வில் சொட்டுத் தண்ணீர் விட்டு, "வாஷர் சரியா இருக்கா தம்பி?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து. முப்பது வருடம் கண்ணெதிரே பார்த்த மூன்று விஷயங்களையும், எடை, தேதி, வாஷர், நான் இங்கே வந்து ஒரு கடைக்காரரின் சிரிப்பை நம்பி விட்டுவிட்டேன்.

திரும்ப அந்தக் கடைக்குப் போனேன். முதலில், சிலிண்டர் அவர்களுடையதே இல்லை என்றார்கள். ரசீதைக் காட்டினேன். பிறகு வேண்டாவெறுப்பாக வேறொன்று எடுத்து வந்து, "இது ஃபுல், கொண்டு போங்கள்" என்றார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்க்கிற தராசை இந்த முறை கையோடு கொண்டு போயிருந்தேன். கடையிலேயே மாட்டித் தூக்கினேன். காலி எடை 7.9 பவுண்டு, நிறைந்திருந்தால் 12.9 காட்ட வேண்டும். காட்டியது 10.4. பாதிதான். கால் பவுண்டு முன்னே பின்னே இருந்தால் பேசாமல் வந்திருப்பேன். "உங்கள் தராசு தப்பு" என்றார். சரி, உங்கள் தராசைக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. மனைவிக்கு நடந்ததைச் சொன்னபோது, "காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்க வேண்டும் சார்" என்று மட்டும் பதில் வந்தது. வாங்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

கார்டு கம்பெனி வழியாக ரெகுலேட்டரின் பணம் திரும்பி வந்துவிட்டது. சிலிண்டர் பணம் வரவில்லை. கெக்குகள் நன்றாகவே இருந்தன, மூடி வளையங்களை மட்டும் மாற்றினேன். புது சிலிண்டர் ஒன்றை அந்த வெல்டிங் கேஸ் இடத்திலேயே வாங்கினேன். சிலிண்டரை ஃப்ரீசருக்கு வெளியே நிறுத்தி, சங்கிலி போட்டுக் கட்டி, கீழே ஒரு கார்பன் டை ஆக்சைடு அலாரமும் வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். கேஸ் முழு அழுத்தத்தில் இருக்கும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். பெரிய மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பியர் கேஸை உறிஞ்சி முடித்த பிறகும் காலையில் முள் நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. வால்வைத் திரும்பத் திறந்து, சோப்புத் தண்ணீரை நட்டு, குழாய் முனை, கெக் மூடி எல்லாவற்றிலும் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். கெக்குக்குப் போகும் அழுத்தம் 12-இல் வைத்தது காலையில் தானாக 20, 30 என்று ஏறியிருந்தால் ரெகுலேட்டரே கெட்டது, அதைத் திருப்பிக் கொடுங்கள்.

நியூ ஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் இருக்கிறவர்கள் சிலிண்டர் வாங்கப் போவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். தராசோடு நானும் கூட வருகிறேன்.