12.365 கிலோ ஏலக்காய்: வெட்டுவதா, ரவுண்ட் பண்ணுவதா?

கம்பம்மெட்டு ஏறினால் வண்டன்மேடு பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. போன வாரம் கடையில் நாலு மூட்டை போட்டுவிட்டு வந்தவர், “மாப்ள, தராசுல ஒரு எடை, சீட்டுல ஒரு எடை” என்று சீட்டை நீட்டினார். தராசில் அவர் பார்த்துக் குறித்தது 12.365, 9.115, 7.245, 10.875. கூட்டினால் சரியாக 39.6 கிலோ. சீட்டிலோ 39.4.

கடையில் நடந்தது வெட்டு. ஒரு தசம இடத்துக்குப் பின்னால் எது இருந்தாலும் தள்ளிவிடுவது. கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தால் 400 ரூபாய் காலி. சுலபமான வழிதான், ஆனால் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும். வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1000 புள்ளியில் ஆரம்பித்த குறியீட்டை மூன்றாம் தசமத்தோடு வெட்டிக்கொண்டே வந்தது. 1983 நவம்பரில் அது 520 பக்கம் கிடந்தது. ஒழுங்காகக் கணக்கிட்டதும் 1098ஐத் தாண்டியது!

ரவுண்ட் பண்ணுவது வேறு. பள்ளிக்கூட முறையில் அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய இலக்கத்தோடு ஒன்று கூட்ட வேண்டும், இல்லையென்றால் அப்படியே விட வேண்டும். ஜிஎஸ்டி வரியிலும் 50 பைசா முதல் ஒரு ரூபாய்தான். மாமாவின் மூட்டைகளுக்கு 12.4, 9.1, 7.2, 10.9. மொத்தம் 39.6, சண்டையே இல்லை.

இரண்டு தசம இடம் என்றால்தான் சிக்கல். அது 30 கிலோ தராசு, ஐந்தைந்து கிராமாக நகரும். கடைசி இலக்கம் 0 அல்லது 5 மட்டுமே. 5 வரும்போதெல்லாம் ஏற்றினால் மொத்தம் 39.62. இதற்குத்தான் வங்கிமுறை: சரிபாதியில் நின்றால் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் எண்ணுக்குப் போ. 12.36, 9.12, 7.24, 10.88, மொத்தம் 39.60. பைத்தான் என்ற நிரல் மொழியில் 2.5ஐ ரவுண்ட் பண்ணினால் 2 வருவது இதனால்தான்; எக்செல் 3 என்கிறது.

எந்த முறையானாலும் இரண்டு தவணையில் செய்யக் கூடாது. 7.245ஐ 7.25 ஆக்கி, அதை 7.3 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நேராகப் போனால் 7.2தான்.

என் ஓட்டு பள்ளிக்கூட முறைக்கு. ஆனால் முதலில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே தடவை. இதைச் சொன்னதும் மாமா, “அப்ப அடுத்த தடவ நாலு மூட்டையையும் ஒண்ணா தூக்கி வைக்கச் சொல்றேன்” என்றார். 30 கிலோ தராசில் எப்படி வைப்பார் என்று நான் கேட்கவில்லை.