தெர்மாகோல் அடுக்கா, மணல் மேசையா?

வான்படத்திலிருந்து (வானிலிருந்து எடுத்த நிலப்படம்) பயிற்சிக்கான நிலமாதிரி, அதாவது மேடுபள்ளம் காட்டும் சிறிய உருவம், செய்வோருக்கு வரும் முதல் குழப்பம் இதுதான்: தெர்மாகோல் தாள்களை வெட்டி அடுக்கி ஒட்டுவதா, மேசைமேல் மணலைக் குவித்து வடிப்பதா?

அளவு: 1:5000 என்றால் 1 கி.மீ. நிலம் 20 செ.மீ. 10 மீட்டருக்கு ஒன்றாக வரும் சமஉயரக் கோட்டுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 2 மி.மீ. அடுக்கு, உயரத்தை இரட்டித்துக் காட்ட 4 மி.மீ. தாள். மணலில் இவ்வளவு நுணுக்கம் நிற்காது.

எடை: 1 மீட்டர் சதுரத்தில் 10 செ.மீ. மணல் கொட்டினால் சுமார் 160 கிலோ. தெர்மாகோலை ஒரே ஆள் தூக்கலாம்.

வேகம்: மணல் ஒரு மணி நேர வேலை, திட்டம் மாறினால் கையாலேயே திருத்தலாம். அடுக்குக்கு நாள் கணக்காகும்.

கெடுவது: ஈரம் காய்ந்தால் மணல் முகடு சரியும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெர்மாகோலில் ரப்பர் பசை தடவினால் கரைந்து குழி விழும். வெள்ளைப் பசைதான் சரி.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று: ஒற்றைப் படத்தை நம்பி உயரம் போடக்கூடாது. படத்தின் நடுவிலிருந்து விலக விலக மலையுச்சி வெளிப்புறமாகச் சாய்ந்து தெரியும். உயரத்தைக் கணிக்க, 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரட்டைப் படங்கள் வேண்டும்.

அன்றைய நடவடிக்கையை விளக்க மணல். ஒரே நிலத்தை மாதக்கணக்கில் கற்பிக்க அடுக்கு.