நாலு வருஷம் ஒரு நெட்வொர்க்கில் இருந்தேன்: சேரலாமா என்று கேட்ட நண்பருக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் ஒப்பந்தம் ஒன்றின் பிடிஎஃப்பை அனுப்பி, "நீங்க நாலு வருஷம் நெட்வொர்க்ல இருந்தவராச்சே, இதுல சேரலாமா?" என்று கேட்டார். போனில் பதில் தட்டத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. நெட்வொர்க் (எம்சிஎன்) என்பது பல யூடியூப் சேனல்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, வருமானத்தில் பங்கு எடுக்கும் நிறுவனம். அது என்ன செய்யும், யூடியூப் பணம் எப்படி வருகிறது என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னுடையது கிட்டார் பாடம் நடத்தும் சேனல். விளம்பர வருமானம் 100 என்றால் யூடியூப் 45 எடுத்துக்கொள்ளும். மீதி 55இல் ஐந்தில் ஒரு பங்கு நெட்வொர்க்குக்கு என்று என் ஒப்பந்தம். ஆக, 11 அவர்களுக்கு, 44 எனக்கு. எல்லோரும் முதலில் கேட்பது இந்த 11 பற்றித்தான். எனக்கு அது ஒருநாளும் உறுத்தியதில்லை. வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பதில் என்ன வருத்தம்?

சேர்ந்த ஏழாம் மாதம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் முதல் செல்லோ சூட்டிலிருந்து பிரலூட் என்ற தொடக்கப் பகுதியைக் கிட்டாரில் வாசிக்கக் கற்றுத்தரும் பாடம் ஒன்று போட்டேன். 14 நிமிடம். ஏற்றி இரண்டு மணி நேரத்தில் கன்டென்ட் ஐடி கிளைம் வந்து விழுந்தது. இந்த ஒலி எங்களுடையது என்று யூடியூபின் தானியங்கி மெஷின் வழியாக வரும் உரிமைக்கோரல் அது; அது இருக்கும்வரை அந்த வீடியோவின் பணம் கோரியவருக்குப் போகலாம். பாஹ் 1750இல் இறந்தவர், அவர் இசை இன்று யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. ஏதோ ஒரு கம்பெனியின் பதிவும் என் விரல் வாசித்ததும் ஒன்றுதான் என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது.

அப்போது என் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் ஒரு பெண். நான் சொல்வதற்கு முன்பே அவரே போன் செய்தார். "சார், எடிட் பண்ணாத ஆடியோ இருக்கா? நீங்க தாளம் எண்ணுறது, நாற்காலி கிறீச்சுங்கிறது எல்லாம் அப்படியே இருக்கணும். அந்த ஃபைல்தான் வேணும்." அனுப்பினேன். அன்று மாலைக்குள் மறுப்பு பதிவாகிவிட்டது. மூன்றாம் நாள் கிளைம் விலகியது.

அதோடு விடவில்லை. அதே வீடியோவின் பார்வையாளர் வரைபடத்தை எடுத்து, "கிட்டார் சத்தமே 52ஆவது நொடியிலதான் சார் கேக்குது. அதுக்குள்ள பாதிப் பேர் எழுந்து போயிடுறாங்க" என்று காட்டினார். பேச்சு, பிறகு வாசிப்பு என்றிருந்த என் பாடங்கள் அன்றோடு வாசிப்பு, பிறகு பேச்சு என்று மாறின. இன்றுவரை அப்படித்தான் தொடங்குகிறேன். இவ்வளவு அக்கறையை நான் எதிர்பார்த்துச் சேரவில்லை. அந்த மாதங்களில் கட்டிய 11 எனக்குக் குறைவாகவே பட்டது.

பதினாறாம் மாதம் அவர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை, ஒரு சப்போர்ட் முகவரி வந்தது. என் கோபமெல்லாம் அந்த முகவரி மேல்தான்.

மறுபடி அதே மாதிரி ஒரு கிளைம், வேறு பாடத்துக்கு. மறுப்பை நெட்வொர்க் வழியாகத்தான் பதிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அசல் ஆடியோவையும் சேர்த்தே அனுப்பினேன். முதல் நாள், டிக்கெட் எண் வந்தது. நாலாம் நாள், "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல். யூடியூப் ஸ்டூடியோவில் என் சேனல் பக்கத்தைத் திறந்தால் கிளைம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பதில் போட்டால் புது டிக்கெட் எண். நாலு எண் மாறி, ஒன்பதாம் நாள்தான் மறுப்பு பதிவானது.

ஒன்பது நாள் என்ன பெரிய தாமதமா என்று கேட்கலாம். கிளைம் விழுந்த 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்து வரும் பணத்தை யூடியூப் தனியே ஒதுக்கி வைக்கும், ஜெயித்தால் நமக்கு வரும். 5 நாள் தாண்டினால் மறுத்த நாளிலிருந்துதான் ஒதுக்கும். என் பாடங்களுக்குக் கூட்டம் வருவதே முதல் வாரத்தில். கடைசியில் கிளைம் விலகத்தான் செய்தது, ஆனால் அந்த வாரத்துப் பணம் போனது போனதுதான். நாளை எண்ணிப் பார்க்க ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. பணம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. யூடியூபோடு நேரடியாக இருந்தால் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல் கைக்கு வந்துவிடும், இவர்கள் வழியாக இன்னும் ஒரு மாதம் தள்ளி வந்தது, அவ்வளவுதான். கணக்கு ஒப்படைப்பு சுத்தம். இசை நூலகம், தம்ப்நெயில் டெம்ப்ளேட் எல்லாம் கொடுத்தார்கள், எனக்குத் தேவைப்படவில்லை. விளம்பரதாரர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்.

பணம் இவர்கள் கை வழியாக வருகிறது என்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்னி 2014இல் மேக்கர் ஸ்டூடியோஸ் என்ற நெட்வொர்க்கை 50 கோடி டாலருக்கு வாங்கிய காலத்தில் இந்தத் தொழிலே தங்கச் சுரங்கம் என்றார்கள். 2018 நவம்பரில் டெஃபி மீடியா என்ற இன்னொரு நெட்வொர்க் நிறுவனம் மூடியபோது, அதன் வழியாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்த படைப்பாளிகள் பலருக்குச் சேர வேண்டியது வராமல் நின்றது. யூடியூபும் நெட்வொர்க்குக்கும் நமக்கும் உள்ள வழக்கில் தலையிடாது.

ஒரு காலத்தில் விளம்பரம் போட அனுமதி வாங்கவே நெட்வொர்க் தேவைப்பட்டது. 2012இல் யூடியூபே கதவைத் திறந்துவிட்டது. 2018இல் 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்று வரம்பு வந்தாலும் அதைத் தாண்டியவர் தாமே விண்ணப்பிக்கலாம். ஆகவே வாசலைத் திறந்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அதற்காகச் சேர வேண்டியதில்லை.

நான் ஏன் நாலு வருஷம் இருந்தேன்? மூன்று வருட ஒப்பந்தம், முடிவதற்கு 60 நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால் தானாக ஒரு வருடம் நீளும். நான் 52 நாள் இருக்கும்போது எழுதினேன். அந்த எட்டு நாளுக்காக ஒரு வருடம் முழுக்க 11 கட்டினேன். அந்த மின்னஞ்சலுக்கு மட்டும் அரை மணி நேரத்தில் பதில் வந்தது, ஒப்பந்தத்தின் பத்தி எண்ணோடு. இதை எழுதும்போதுகூட மனசு கொதிக்கிறது.

நண்பரே, நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பை இரண்டு தடவை படித்தேன். பங்கு 15 சதவீதம், எனக்குப் போட்டதைவிட நல்ல கணக்கு. 30 நாள் நோட்டீஸில் வெளியே வரலாம், அதுவும் நல்லது. மறுப்பை நீங்களே பதியலாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டு ஏங்கியதில் பாதி இதில் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு பக்கத்திலும் ஒரு மனிதரின் பெயர் இல்லை, கடைசியில் சப்போர்ட் முகவரி ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்த மேனேஜர் நாளைக்கே போன் செய்து "சார், புது இடத்துல சேர்ந்திருக்கேன்" என்று சொன்னால் 30 சதவீதம் என்றாலும் நான் போட்டுவிடுவேன்.