வீணைக்கு எது, வெயிலுக்கு எது: குறைந்த விலை ஹெட்போன் மூன்று

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பது வீண் வேலை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், வழவழவென்று தேக்குத் தூண். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு பொருள் கிடையாது. மிருதங்கத்தில் ஒரு சொல் (ஒரு அடியின் ஒலி) அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன் மேல் வந்து ஏறும். அதனால்தான் இந்த ஊரில் நல்ல ஹெட்போன் ஒன்று வீட்டுக்குத் தேவை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எது நல்லது என்பதில்தான் வம்பு.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று. ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ், சாம்சனின் எஸ்ஆர்850, ஏகேஜியின் கே240 ஸ்டுடியோ. மூன்றும் காதை முழுதாகச் சுற்றி உட்காரும் வகை, மூன்றும் ஒயர் வைத்தவை. எம்20எக்ஸ் பின்பக்கம் மூடியது. மற்ற இரண்டும் பாதி திறந்தவை, அதாவது கிண்ணத்தின் முதுகில் காற்று போகத் துளை உண்டு. விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் எண்ணைப் போடவில்லை. பெரும்பாலும் சாம்சன் மலிவாகவும் ஏகேஜி மேலேயும் நிற்கும்.

முதலில் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பார்த்துவிடலாம். எவ்வளவு தாழ்ந்த ஒலியிலிருந்து எவ்வளவு உச்சம் வரை பாடும் என்ற கணக்கு ஒன்று. எம்20எக்ஸ் 15 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, கே240 15 முதல் 25,000 வரை, எஸ்ஆர்850 10 முதல் 30,000 வரை என்கிறார்கள். இதைப் பார்த்து சாம்சன்தான் பெரியவர் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மனிதக் காதுக்கே 20 முதல் 20,000 வரைதான் எல்லை. நடுத்தர வயது தாண்டினால் மேல் எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். தவிர, அந்த 10 ஹெர்ட்ஸில் சத்தம் எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று சொல்லாமல் வெறுமனே எல்லையை மட்டும் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

பெட்டியில் உருப்படியாகப் பயன்படும் எண்கள் இரண்டு: மின்தடை, உணர்திறன் (கொடுக்கிற மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது). எம்20எக்ஸுக்கு 47 ஓம், 96 டெசிபல். சாம்சனுக்கு 32 ஓம், 98 டெசிபல். கே240க்கு 55 ஓம், 91 டெசிபல். இந்த டெசிபல் ஒரு மில்லிவாட்டுக்கு உரியது. ஆனால் போன் தருவது வோல்ட் கணக்கில். ஒரு வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால் சாம்சன் சுமார் 113, எம்20எக்ஸ் 109, கே240 வெறும் 104. அதாவது போனில் ஒலியளவை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போட்டால் சாம்சன் ஏகேஜியைவிட 9 டெசிபல் சத்தமாகப் பாடும். கடையில் மாட்டிப் பார்க்கிறவர் ‘இது நல்லாயிருக்கு’ என்று சாம்சனை எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். சத்தம் கூடினால் காதுக்குத் தெளிவு கூடினது போலத் தோன்றும். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டால்தான் நியாயம்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ரப்பர் காது வைத்த பொம்மைத் தலையில் மாட்டி, தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சம் வரை ஓட்டி, எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் என்று வரைவார்கள். அதைச் சும்மா பார்த்தால் பயனில்லை. எதனோடு ஒப்பிடுவது என்று ஒரு கோடு வேண்டும். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நிறையப் பேரைக் கேட்க வைத்து, பெரும்பான்மையினருக்குப் பிடித்த கோடு எது என்று கண்டார்கள். தாழ்ந்த ஒலி கொஞ்சம் தூக்கலாகவும், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடாகவும், அதன் பிறகு மெல்ல இறங்கியும் போகும் கோடு அது. இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான வரைபடங்களில் புள்ளிக்கோடாகக் கிடப்பது அதுதான்.

அந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்தால் எம்20எக்ஸ் அடக்கமான பிள்ளை. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, அடிமட்டத்தில் சற்று இளைத்திருக்கிறது, மற்றபடி பெரிய கோணல் இல்லை. கே240 நடுப்பகுதியில் நேர்மையானது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் சரிந்துவிடும். சாம்சனில் தாழ்ந்த ஒலி தாராளம்தான், ஆனால் 8,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சரிவும் கொம்பும் நமக்கு என்ன செய்யும் என்று தெரிய நம் வாத்தியங்களையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று கட்டை சுருதியில் சேர்த்த வீணையில் சாரணித் தந்தி சுமார் 165 ஹெர்ட்ஸ். பஞ்சமம் 124, மந்தரம் 82, அனுமந்தரம் 62. ஆகத் தாழ்ந்த தந்தியைச் சும்மா மீட்டினாலே 62 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே வீணையில் சுரம் கிடையாது. கே240 சரியத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. போதாததற்கு, வீணைக் குதிரையின் மேல் உள்ள வளைந்த உலோகத் தகட்டில் தந்தி உரசி எழுவதால் மேல் சுரங்கள் ஏராளமாகக் கிளம்பும். அடிச்சுரம் கொஞ்சம் குறைந்தாலும் அந்த மேல் சுரங்களை வைத்தே காது சுருதியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ‘கே240க்கு பேஸ் இல்லை’, அதாவது தாழ்ந்த ஒலி போதாது என்ற புகார் வீணைக்காரர்களுக்குப் பொருந்தாது. சின்தசைசர் வைத்து 40 ஹெர்ட்ஸில் உறுமும் இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது சத்தியமான புகார்.

காரைக்குடி சகோதரர்களில் இளையவர் சாம்பசிவ ஐயரின் பழைய பதிவுகள் என் நிரந்தரச் சோதனை. (மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர்.) கே240இல் விரல் மெட்டில் (வீணைத் தண்டியில் வரிசையாகப் பதித்த கம்பியில்) இழுபடுவது, நகம் தந்தியைத் தொடும் அந்தச் சின்ன ‘டிக்’, அதற்குப் பின் நாதம் விரிவது, மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. எம்20எக்ஸில் நாதம் கொஞ்சம் தடித்து, மெட்டின் ஒலி பின்னால் போகிறது. சாம்சனில் வீணையைவிடப் பதிவின் இரைச்சல்தான் முன்னால் வந்து உட்காருகிறது. கொம்பு நிற்கும் இடமும் பழைய பதிவின் இரைச்சல் கூசும் இடமும் ஒன்று, என்ன செய்ய?

மிருதங்கம் வேறு கதை. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவில் அப்பும் கறுப்புக் கரணைதான் அதன் மேல் சுரங்களை ஒழுங்கான விகிதத்தில் நிறுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் காட்டினார். தோல் வாத்தியத்திலிருந்து சுருதி கேட்பது அதனால்தான். காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டால் எம்20எக்ஸ் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்காரத்தை வயிறு நிறையக் கொடுக்கிறது. மேலே சொன்ன அந்தச் சதை இங்கே லாபம். ‘நம்’ என்ற சொல்லின் சுருதித் தூய்மை மட்டும் ஏகேஜியில் கூடுதல். நாதஸ்வரமும் தாளமும் கலந்த கோயில் திருவிழாப் பதிவை சாம்சனில் கேட்க எனக்குப் பொறுமை போதாது. கைத்தாளம் ஒவ்வொன்றும் குத்தும். ‘ஸ்’, ‘ஷ்’ வரும் இடங்களில் பாடகருக்குப் பல் ஒன்று கூடியிருப்பது போலக் கேட்கும்.

அந்தக் கொம்பை வெட்ட முடியாதா? முடியும். ஒலியை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கும் செயலிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, இரண்டும் போதும். 8,500 ஹெர்ட்ஸை ஒட்டி ஐந்து ஆறு டெசிபல் இறக்கினால் சாம்சன் வேறு ஆளாகிவிடும். அந்த விலைக்கு அப்படிப்பட்ட ஒலி கிடைப்பது அதிசயம்தான். கே240க்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று நான்கு டெசிபல் ஏற்றலாம், அதற்கு மேல் ஏற்றினால் குழறும். எம்20எக்ஸை அப்படியே விட்டுவிடலாம். அமைப்புகளை நோண்டப் பிடிக்காதவர்கள் சாம்சன் பக்கமே போகாதீர்கள்.

இனி மாட்டிக்கொள்ளும் சுகம். இதில் வரைபடம் கிடையாது, ஆளுக்கு ஆள் தலை வேறு. எம்20எக்ஸ் 190 கிராம், கே240 240 கிராம், ஒயர் சேராமல். எடையை மட்டும் பார்த்தால் எம்20எக்ஸ் ஜெயிக்க வேண்டும். ஆனால் அதன் மெத்தை ஆழமில்லாதது. கொஞ்ச நேரத்தில் காது மடல் உள்ளே துணியில் முட்டத் தொடங்கும், பிறகு அந்த இடம்தான் வலிக்கும். பெரிய காதுக்காரர்களுக்கு இது ஆகாது. கே240, சாம்சன் இரண்டிலும் தலைக்கு மேல் ஒரு பட்டை தானாக நீண்டு உட்காரும். மாட்டினால் போதும், எதையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டாம். வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போடும் ஹெட்போனுக்கு இது பெரிய வசதி. குறை ஒன்று உண்டு. பட்டைக்கு மேலே வளைந்து போகும் இரட்டைத் தண்டில் விரல் பட்டால் ‘டொய்ங்’ என்று காதுக்குள் கேட்கும். தலையைச் சொறிகிற பழக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்.

தோடு போட்டவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில்தான் உண்மை தெரிந்தது. அப்பத்தாவின் கல் தோடு எம்20எக்ஸின் மெத்தைக்கு அடியில் மாட்டி மடலை அழுத்தியது. கே240இன் வட்டத்துக்குள் தோடோடு காது முழுக்க அடங்கியது. ஆனாலும் சித்திரை மத்தியானம், ஒரு ராக ஆலாபனை முடிவதற்குள், ‘கழட்டுப்பா, காது வேகுது’ என்றுவிட்டார். ரெக்சின் மெத்தை எதுவானாலும் இந்த ஊர் அக்னி நட்சத்திரத்தில் அப்படித்தான். வியர்வை ஊறி ஊறி இரண்டு கோடையில் கறுப்புச் செதில் செதிலாக உதிரும். காதோரம் மை பூசிக்கொண்டது போல ஒட்டியிருக்கும். பாதி திறந்த ஹெட்போனில் காற்று கொஞ்சம் போய் வருவதால் வேக்காடு சற்றே குறைவு.

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சங்கதி. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்தச் சந்து வழியாகத் தாழ்ந்த ஒலி ஓடிவிடும். மூடிய வகைக்கு இந்த இழப்பு அதிகம். பொம்மைத் தலைக்குக் கண்ணாடி கிடையாது. எனவே எம்20எக்ஸின் வரைபடத்தில் காணும் பேஸ் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். சோதிக்கச் சுலபமான வழி: 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணத்தை லேசாக அமுக்குங்கள். சத்தம் ஏறினால் சந்து இருக்கிறது என்று பொருள். அப்படியே இடம் வலம் சமமாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குறைந்த விலைச் சரக்கில் ஒரு பக்கம் சற்று மங்கியிருப்பது அபூர்வம் இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

சத்தம் வெளியே கசிவதைப் பற்றிச் சுருக்கமாக. சாம்சனும் ஏகேஜியும் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும். வெளியிலிருந்து கிரைண்டர் சத்தமும் உள்ளே வரும். மாடி அறையோ இரண்டாம் கட்டோ தனக்கென்று இருந்தால் பிரச்சினை இல்லை. பட்டாலையில் (கூடத்தில்) நாலு பேர் நடுவே உட்கார்ந்து கேட்கிறவருக்கும், மைக் முன்னால் பாடிப் பதிவு செய்கிறவருக்கும் எம்20எக்ஸ்தான். இதில் மறுபேச்சு இல்லை.

இதே காசுக்கோ கொஞ்சம் கூடவோ புளூடூத்தில், இரைச்சலைக் குறைக்கும் வசதியோடே கிடைக்கிறதே என்பார்கள். பல்லவன் எக்ஸ்பிரசில் சென்னை போய் வருகிறவர் அதையே வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ரயிலின் அடித்தொண்டை உறுமலை அடக்க அதைவிட்டால் வழியில்லை; இங்கே சொன்ன மூன்றும் அதில் தோற்கும். உறுமலோடு போட்டி போட்டுச் சத்தத்தை ஏற்ற வேண்டியிருக்காது என்பதால் காதுக்கும் நல்லது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கீபோர்டு பழக, பதிவு செய்ய, வீடியோ வெட்ட புளூடூத் உதவாது. சாதாரண இணைப்பில் ஒலி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதித்து வரும். தாளம் போடுகிற கைக்கு அது யுகம். பேட்டரி சில வருஷத்தில் தளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என் மேஜையில் நிரந்தரமாக இருப்பது கே240. கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், கேட்கிற நேரம் ராத்திரி என்பதால் அது. போனில் நேராகச் செருகினால் பழைய மெல்லிய பதிவுகளுக்குச் சத்தம் கொஞ்சம் போதாது. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்ட, ஒரு வோல்ட் தரும் சின்ன டாங்கிள் ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தருவதாக இருந்தால் எம்20எக்ஸ் சொல்வேன், ஹாஸ்டலுக்குக் கசியாதது வேண்டும் என்பதால்.

வாங்குமுன் ஒயரையும் பாருங்கள். கே240இல் சின்ன எக்ஸ்எல்ஆர் முனையால் ஒயரைக் கழற்றி வேறு மாட்டலாம். மற்ற இரண்டிலும் ஒயர் கிண்ணத்துக்குள் நிரந்தரமாகப் போகிறது. நாற்காலிக் காலில் ஒருமுறை சிக்கினால் பெரும்பாலும் செருகும் முனையை ஒட்டி அறும். மொபைல் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். கொடுக்கும்போது உள்ளே இருக்கும் செம்பு இழைகளின் மேல் நிறப் பூச்சு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதைச் சுரண்டியோ சுட்டோ எடுக்காமல் ஈயம் வைத்தால் பார்வைக்கு ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் பாடாது.